வில்லர்டுக்குப் போய்விட்டவர்கள்: மூடிப்போன மனநல மருத்துவமனையில் ஓர் ஆளைத் தேடுவது எப்படி

எங்கள் எதிர்வீட்டு அம்மாவிடம் ஒரு பழைய குடும்ப பைபிள் இருக்கிறது. அதன் முன்பக்கத் தாள்களில் அந்த வீட்டில் பிறந்தவர்கள் எல்லோருடைய பெயரும், பிறந்த தேதியும், இறந்த தேதியும் வரிசையாக எழுதியிருக்கும். ஒரே ஒரு பெண்ணின் பெயருக்கு நேராக மட்டும் இறந்த தேதி கிடையாது. அந்த அம்மாவின் பாட்டிக்கு அக்கா அவர். சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் "வில்லர்டுக்குப் போய்விட்டாள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்களாம். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே கேலிச்சொல்லாகிப்போனதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்த வீட்டில் ஏன் பேச்சை மாற்றினார்கள் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை.

"நீ எப்போதும் கம்ப்யூட்டர் முன்னாலேயேதானே இருக்கிறாய், கண்டுபிடித்துக் கொடேன்" என்று அவர் கேட்டார். அப்படித்தான் இது ஆரம்பமானது. நியூயார்க் மாநிலத்தில், செனிகா ஏரியின் கிழக்குக் கரையில் 1869 முதல் 1995 வரை நடந்த அரசு மனநல மருத்துவமனை வில்லர்ட். அங்கே சேர்க்கப்பட்டவர்கள் மொத்தம் 50,000 பேருக்கும் மேல், அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அங்கேயே இறந்தவர்கள். அத்தனை பேரில் ஒருவரைத் தேட நாங்கள் போன வழியை இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவின் மற்ற மாநிலங்களில் மூடிப்போன மருத்துவமனைகளுக்கும் பெரும்பாலும் இதே வழிதான், சட்டமும் அலுவலகப் பெயர்களும்தான் மாறும்.

முதலில் நாங்கள் செய்த தவறு. நேராக மருத்துவக் கோப்பைக் கேட்டுக் கடிதம் போட்டோம். பல மாதம் கழித்து, தனிநபர் மருத்துவ விவரம் தரமுடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த அம்மா மனமொடிந்து போனார், இனி எதுவும் கிடைக்காது என்றே நினைத்துவிட்டார். கோப்பு என்பது கடைசியில் தட்டவேண்டிய கதவு. அதற்கு முன்னால் யாரிடமும் அனுமதி கேட்காமல் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கக்கூடிய காகிதங்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டுப் போனால், என்ன கேட்கவேண்டும், யாரிடம் கேட்கவேண்டும் என்று நமக்கே தெரிந்துவிடும்.

சட்டங்களின் தேதியிலிருந்து தொடங்குங்கள்

கட்டடம் எந்த ஆண்டு எழுந்தது என்பதைவிட, எந்த ஆண்டு எந்தச் சட்டம் வந்தது என்பதுதான் உங்கள் தேடலுக்கு அதிகம் உதவும். ஒருவரை யார் அனுப்பினார்கள், யார் பணம் கட்டினார்கள் என்பதை முடிவு செய்தது சட்டம். பணம் கட்டியவர் எவரோ அவரிடம்தான் காகிதமும் இருக்கும்.

வில்லர்டின் கதை இப்படிப் போகிறது. 1843இல் யூட்டிகாவில் மாநிலத்தின் முதல் மனநலக் காப்பகம் திறந்தது. அது குணமாகக்கூடியவர்களுக்கு என்று வைத்துக்கொண்டார்கள். குணமாகாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் திரும்பவும் அந்தந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஏழை விடுதிக்கே போய்ச் சேர்ந்தார்கள். சங்கிலி, வைக்கோல், இருட்டறை. 1864இல் டாக்டர் சில்வெஸ்டர் வில்லர்ட் அந்த ஏழை விடுதிகளின் நிலையைக் கவுண்டி கவுண்டியாக விசாரித்துச் சட்டசபைக்கு அறிக்கை கொடுத்தார். 1865 ஏப்ரலில் அவர் இறந்துபோனார், அதே மாதம் புதிய காப்பகத்துக்கான சட்டம் நிறைவேறியது, அவர் பெயரையே வைத்தார்கள். உள்நாட்டுப் போரில் முடங்கிப்போன ஒரு விவசாயக் கல்லூரியின் நிலம்தான் இடம்.

1869 அக்டோபர் 13ஆம் தேதி முதல் நோயாளி நீராவிப் படகில் வந்து இறங்கினார். ஏழை விடுதியில் பத்து வருடம் சங்கிலியில் கிடந்த ஒரு பெண். அதே நாளில் கைவிலங்கோடு சில ஆண்களும் வந்தார்கள். வில்லர்டைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் பலர் அதை ஒரு கொடுமைக்கூடமாக மட்டுமே காட்டுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தப் பெண்ணின் கால் சங்கிலியை அவிழ்த்த இடமும் அதுதான், பிற்பாடு ஆயிரக்கணக்கானவர்களை முப்பது நாற்பது வருடம் வெளியே விடாமல் வைத்திருந்த இடமும் அதுதான். இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டால்தான் காகிதங்கள் புரியும்.

அடுத்த முக்கியமான தேதி 1890. அந்த ஆண்டு வந்த மாநிலப் பராமரிப்புச் சட்டம், மனநலம் குன்றியவர்களைக் கவுண்டிகளின் கையிலிருந்து எடுத்து முழுக்க மாநிலத்தின் பொறுப்பாக்கியது. குணமாகும் நோய், நாள்பட்ட நோய் என்ற பிரிவினையும் போனது. வில்லர்ட் அசைலம் என்பது வில்லர்ட் ஸ்டேட் ஹாஸ்பிடல் ஆனது. இதனால் நமக்கு என்ன? உங்கள் ஆள் 1890க்கு முன்னால் போனவர் என்றால் அனுப்பியதும் வாராவாரம் பணம் கட்டியதும் கவுண்டி, ஆகவே கவுண்டியின் ஏழைகள் கணக்கிலும் மேற்பார்வையாளர் குழுவின் அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்புகளிலும் தேடவேண்டும். 1890க்குப் பிறகு என்றால் அவர் வசித்த ஊர் எந்த மருத்துவமனையின் வட்டாரத்துக்குள் வந்தது என்று பார்க்கவேண்டும். நியூயார்க் நகரத்திலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே இடமில்லாமல் வழிந்தபோது ஆட்களை ரயிலேற்றி வெகுதூரத்து மருத்துவமனைகளுக்கு மாற்றினார்கள். நகரத்தில் காணாமல் போன ஒருவர் இருநூறு மைலுக்கும் மேல் தள்ளி வில்லர்டில் கிடைக்கக்கூடும்.

1950களின் நடுவில் நாடு முழுக்க மாநில மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அப்புறம் குளோர்புரோமசின் போன்ற மனநோய் மருந்துகள் வந்தன, 1963இல் கென்னடி கையெழுத்திட்ட சமூக மனநல மையச் சட்டம் வந்தது, 1965இல் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் வந்தது, எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. வில்லர்டை 1995இல் மூடினார்கள். பிறகு அதே வளாகத்தின் ஒரு பகுதியில் சிறைத்துறை போதை மீட்பு முகாம் ஒன்றை நடத்தியது, அதுவும் 2022இல் மூடப்பட்டது.

ஆண்டறிக்கைகளை எப்படிப் படிப்பது

ஒவ்வொரு ஆண்டும் மருத்துவமனை சட்டசபைக்கு அறிக்கை கொடுக்கவேண்டும், அது அச்சாகும். பழைய அறிக்கைகள் ஹாதிட்ரஸ்ட், இன்டர்நெட் ஆர்கைவ், கூகுள் புக்ஸ் என்ற இணைய நூலகங்கள் மூன்றிலும் சிதறிக் கிடக்கின்றன, ஒன்றில் இல்லாத ஆண்டு இன்னொன்றில் இருக்கும். தேடும்போது இன்றைய சொல்லைப் போட்டால் ஒன்றும் வராது. அந்தக் காலத்துச் சொல்லைப் போடவேண்டும்: இன்சேன் (insane), லூனடிக் (lunatic), அசைலம் (asylum), இன்மேட் (inmate), பாப்பர் (pauper), க்ரானிக் (chronic). இன்று வாயால் சொல்லவே கூசுகிற சொற்கள்தான், ஆனால் காகிதத்தில் இருப்பது அவைதான். அசலில் இருக்கும் ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்யவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தனி ஆளின் பெயர் இந்த அறிக்கைகளில் அநேகமாக வராது. பிறகு எதற்குப் படிக்கவேண்டும் என்றால், அந்த ஆள் வாழ்ந்த நாள்கள் அங்கேதான் இருக்கின்றன. எந்த ஆண்டு எந்தக் கட்டடம் திறந்தது, எந்த ஆண்டு டைபாய்டு பரவியது, ஒரு ஆளுக்கு வாரத்துக்கு என்ன செலவு, எத்தனை பேர் தப்பியோடினார்கள் எல்லாம் அட்டவணையாக இருக்கும். நோய்க்கான காரணம் என்று ஒரு அட்டவணை போடுவார்கள். அதில் துக்கம், குடும்பத் தொல்லை, மதவெறி, பிரசவம், மாதவிடாய் நிற்பது என்றெல்லாம் இருக்கும். கொண்டுவந்து விட்டவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டது பாதி, அந்தக் காலத்து நம்பிக்கை மீதி. அதை நோய்க்காரணமாக எடுத்துக்கொள்ளாமல், அனுப்பி வைத்த வீடு என்ன நினைத்தது என்பதற்கான சாட்சியாகப் படியுங்கள்.

நீங்கள் நின்று படிக்கவேண்டிய இடம் பண்ணை அட்டவணையும் தையலறை அட்டவணையும். எத்தனை புஷல் உருளைக்கிழங்கு, எவ்வளவு பால், எத்தனை கவுன், எத்தனை தலையணை உறை, எத்தனை ஜோடி செருப்பு என்று வரி வரியாகப் போகும். முதல்முறை நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். எதிர்வீட்டு அம்மாதான் விரலை வைத்து நிறுத்தினார். "இதையெல்லாம் யார் தைத்தது?" என்று கேட்டார். நோயாளிகள்தான் தைத்தார்கள். கூலி இல்லாமல். வயலில், மாட்டுத்தொழுவத்தில், சலவைக்கூடத்தில், சமையலறையில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதி உள்ளே இருந்தவர்களே. மனநல மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கூலியில்லாமல் வேலை வாங்குவது சட்டத்துக்கு எதிரானது என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்புச் சொன்னதே 1973இல்தான். பாட்டியின் அக்கா வீட்டில் இருந்தபோது தையல்காரியாக இருந்தவர் என்று பிற்பாடு எங்களுக்குத் தெரியவந்தது. அதற்குப் பிறகு அந்தத் தலையணை உறைக் கணக்கை என்னால் வெறும் எண்ணாகப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்று, அறிக்கை எழுதியவர் பணம் கேட்டு எழுதுகிறார் என்பதை மறக்கக்கூடாது. வரவு செலவுக்கு ஒப்புதல் வேண்டும் என்றால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்பார், புதுக் கட்டடம் வேண்டும் என்றால் இடமே இல்லை என்பார். 1877க்குள்ளேயே 1,500 பேரைத் தாண்டி, ஒரு கட்டத்தில் நாட்டிலேயே பெரிய காப்பகமாக இருந்த இடம் அது. அங்கே நெரிசல் எப்போதும் உண்மைதான், அதை அவர்கள் எப்போது சொல்கிறார்கள், எப்போது விழுங்குகிறார்கள் என்று கவனியுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓர் ஆளைப் பின்தொடர்வது

மருத்துவக் கோப்பு மூடியிருக்கலாம், ஆனால் மருத்துவமனையும் ஒரு வீடுதான், கணக்கெடுக்க வந்தவர் அங்கேயும் போயிருக்கிறார். இதுதான் இந்த வேலையின் சாவி. அமெரிக்கக் கணக்கெடுப்புத் தாள்கள் 72 வருடம் கழித்துப் பெயர்களோடு வெளியாகும். இப்போதைக்கு 1950 வரை வந்திருக்கிறது. 1890இன் தாள்கள் பெரும்பாலும் தீயில் போய்விட்டன. ஆனால் நியூயார்க் மாநிலம் தனியாகவும் கணக்கெடுத்தது, 1892, 1905, 1915, 1925 ஆகியவை உதவும். ஆகவே நடுவில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு ஆளை எட்டிப் பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே நிறையப் பார்க்கலாம்.

நாங்கள் செய்தது இதுதான். அவர் 1876இல் பிறந்தவர் என்று பைபிளில் இருந்தது. 1905 மாநிலக் கணக்கெடுப்பில் அம்மாவோடு வீட்டில் இருக்கிறார், தொழில் தையல். 1910இல் அந்த வீட்டில் இல்லை. வில்லர்ட் இருந்த ரோமுலஸ், ஓவிட் என்ற இரண்டு டவுன்களின் தாள்களைத் திறந்து, மருத்துவமனைப் பக்கங்களை ஒவ்வொன்றாக உருட்டினோம். பெயர் போட்டுத் தேடினால் வரவில்லை, ஏனென்றால் குடும்பப் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. அதனால் சொல்கிறேன், தேடல் பெட்டியை நம்பி விட்டுவிடாதீர்கள், பக்கத்தைப் பக்கமாகப் புரட்டுங்கள். பத்தொன்பதாவது பக்கத்தில் இருந்தார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். அப்புறம் 1915, 1920, 1925, 1930 எல்லாவற்றிலும் அதே இடத்தில் இருக்கிறார். 1940இல் இல்லை.

ஒருவர் ஒரு தாளில் இருந்து அடுத்த தாளில் இல்லை என்றால் இறந்துவிட்டார் என்று உடனே முடிவு கட்டவேண்டாம். வீட்டுக்குப் போயிருக்கலாம், வேறு மருத்துவமனைக்கு மாற்றியிருக்கலாம். ஆனால் தேடவேண்டிய காலம் பத்து வருடமாகச் சுருங்கிவிடுகிறது, அது பெரிய விஷயம்.

உங்கள் ஆள் இன்னும் பழையவர் என்றால் 1880ஐ விடாதீர்கள். அந்த ஆண்டு வழக்கமான தாளோடு, மனநலம் குன்றியவர்கள், பார்வையற்றவர்கள், ஏழைகள், கைதிகள் போன்றவர்களுக்கென்று தனித் தாள்கள் இருந்தன. நோயின் வகை, எத்தனை வயதில் முதல்முறை வந்தது, அறையில் பூட்டி வைக்கிறார்களா, கட்டி வைக்கிறார்களா, வேறு எந்த நிறுவனத்தில் இருந்திருக்கிறார், சொந்த ஊர் எது என்றெல்லாம் அதில் கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கு எந்தக் கோப்பிலும் தரமாட்டேன் என்கிற விவரம் அந்தத் தாளில் வெளிப்படையாகக் கிடக்கிறது. அதே போல, 1875 முதல் 1921 வரை நியூயார்க்கின் ஏழை விடுதிகளில் இருந்தவர்களைப் பற்றி ஆளுக்கொரு படிவம் நிரப்பியிருக்கிறார்கள், அது மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, இணையத்திலும் வந்துவிட்டது. வில்லர்டுக்குப் போவதற்கு முன்னால் பலர் இந்த ஏழை விடுதி வழியாகத்தான் போயிருக்கிறார்கள்.

1940 தாளில் ஒரு சின்ன நுணுக்கம்: ஐந்து வருடத்துக்கு முன், 1935 ஏப்ரலில், எங்கே இருந்தீர்கள் என்று எல்லோரையும் கேட்டார்கள். அந்தக் கட்டத்தில் அதே வீடு (same house) என்று இருந்தால், அவர் குறைந்தது ஐந்து வருடமாக உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்.

இறப்புச் சான்றிதழ்

நியூயார்க் மாநிலத்தில் 1880 வாக்கில் இறப்புப் பதிவு தொடங்கியது. நியூயார்க் நகரம் தனிக் கணக்கு. மாநிலத்தின் இறப்புக் குறியேட்டை ரீக்ளெய்ம் தி ரெக்கார்ட்ஸ் என்ற அமைப்பு தகவல் அறியும் சட்டத்தின் வழியாகக் கேட்டு வாங்கி இணையத்தில் இலவசமாக ஏற்றியிருக்கிறது. நாங்கள் 1930 முதல் 1940 வரை ஒவ்வொரு ஆண்டாகப் பார்த்தோம், 1937இல் கிடைத்தது. அந்த எண்ணை வைத்துச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். இறந்து ஐம்பது வருடம் கடந்திருந்தால் வம்சாவளி ஆராய்ச்சிக்கென்று நகல் தருகிறார்கள். இறந்த ஊரின் பதிவாளரிடமும் கேட்கலாம், சில சமயம் அது சீக்கிரம் வருகிறது.

சான்றிதழ் வந்ததும் இறப்புக் காரணத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடாதீர்கள். எத்தனை வருடம் அந்த இடத்தில் வசித்தார் என்று ஒரு கட்டம் இருக்கும், அதை வைத்து உள்ளே வந்த நாளைக் கணக்கிடலாம். விவரம் சொன்னவர் யார் என்று ஒரு கட்டம், அதில் உறவினர் பெயருக்குப் பதில் மருத்துவமனைப் பதிவேடு என்று இருந்தால் கடைசி வரை யாரும் வரவில்லையோ என்று மனசு கனக்கும், ஆனால் அப்படி உடனே முடிவு செய்யவும் கூடாது, பல இடங்களில் அது வெறும் அலுவலக வழக்கம். அடக்கம் செய்த இடம் என்ற கட்டம்தான் அடுத்த அடிக்கு வழி. சொந்த ஊருக்கு எடுத்துப் போயிருப்பார்கள், அல்லது மருத்துவமனைக் கல்லறை என்றிருக்கும். யாரும் கேட்டு வராத உடல்கள் மருத்துவக் கல்லூரிக்குப் போனதும் உண்டு.

ஊர்க்காரர்கள்

நியூயார்க்கில் 1919 முதல் ஒவ்வொரு நகரமும் டவுனும் கிராமமும் ஒரு வரலாற்றாளரை நியமிக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஒருவர் சொற்பப் பணத்துக்கோ பணமே இல்லாமலோ செய்துகொண்டிருப்பார், ஆனால் அவர் அலமாரியில் இருப்பது எந்த இணையதளத்திலும் இருக்காது. மருத்துவமனை நடத்திய செய்தி மடல், செவிலியர் பள்ளிப் பட்டமளிப்புப் படங்கள், ஊழியர் பட்டியல், நிலவரைபடம். கேட்கும்போது ஒரே ஒரு தெளிவான கேள்வியோடு எழுதுங்கள். "என் உறவினர் பற்றி ஏதாவது இருக்கிறதா" என்பதைவிட "1909க்கும் 1937க்கும் நடுவில் பெண்கள் தையலறை எந்தக் கட்டடத்தில் இருந்தது" என்று கேட்டால் பதில் வரும்.

பழைய செய்தித்தாள்களுக்கு நியூயார்க் ஸ்டேட் ஹிஸ்டாரிக் நியூஸ்பேப்பர்ஸ் என்ற இலவசத் தளமும், ஃபுல்டன் ஹிஸ்டரி என்று எல்லோரும் சொல்லும் தளமும் போதும். இரண்டாவது தளத்தை ஒரு தனி மனிதர் பல வருடம் உட்கார்ந்து நுண்படச் சுருள்களை நகலெடுத்துக் கட்டியெழுப்பினார். தேடல் முறை கொஞ்சம் படுத்தும், பொறுமையாக இருங்கள். அந்தக் காலத்துக் கிராமத்துப் பத்திரிகைகள் யார் யாரை எங்கே சேர்த்தார்கள், யார் பார்க்கப் போனார்கள் என்று பெயர் போட்டே எழுதின.

அந்தப் பகுதியில் இரண்டு மூன்று தலைமுறையாக வில்லர்டில் வேலை பார்த்த குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் பேசுவதற்கு வாய்ப்புக் கிடைத்தால், குற்றம் கண்டுபிடிக்க வந்தவர் போலப் பேசாதீர்கள். அந்த இடம் அவர்களுக்குச் சோறு போட்டது. ஹேட்லி ஹால் என்ற கட்டடத்தில் நாடகம், நடனம், பந்துருட்டு எல்லாம் நடந்தது என்று ஆசையோடு சொல்வார்கள். அதுவும் நடந்ததுதான். கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அட்டவணைகளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டிகளும் கல்லறையும்

1995இல் மூடும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கட்டடத்தின் பரணில் புறா எச்சத்துக்கு நடுவே சுமார் 400 பெட்டிகள் கிடைத்தன. 1910 முதல் 1960கள் வரை உள்ளே வந்தவர்கள் கையில் கொண்டுவந்தவை. வந்த அன்றைக்கு வாங்கி மேலே வைத்துவிட்டார்கள், திரும்ப எடுக்க அவர்கள் வரவில்லை. துணிமணி, புகைப்படம், கடிதம், தையல் சாமான். ஊழியர்களும் ஆல்பனியில் உள்ள நியூயார்க் மாநில அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் ஒருவரும் முனைப்பு எடுத்ததால் அவை குப்பைக்குப் போகாமல் தப்பின, 2004இல் அந்த அருங்காட்சியகத்தில் கண்காட்சியாக வைத்தார்கள். ஆனால் முழுப் பெயர்களை வெளியிட முடியவில்லை, சட்டம் தடுத்தது. உங்கள் ஆள் அந்தக் காலத்தில் உள்ளே போனவர் என்றால் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்பதில் நஷ்டம் இல்லை. எங்களுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

கல்லறையில் 5,776 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தலைமாட்டில் பெயர் கிடையாது, எண் பொறித்த இரும்பு அடையாளம்தான் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் புல் வெட்டுகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அதையும் மாற்றி, தரையோடு தரையாக எண் தகடுகளைப் பதித்துவிட்டார்கள். இப்போது புல்வெளிதான் தெரியும், குனிந்து கையால் விலக்கினால்தான் எண் தெரியும். எந்த எண் யாருடையது என்ற பதிவேடு இருக்கிறது, அது பொதுமக்களுக்குக் கிடையாது.

அங்கே ஏறக்குறைய 1,500 குழிகளைத் தோண்டியவர் லாரன்ஸ் மோக்கா. அவரும் நோயாளிதான். 1918இல் வில்லர்டுக்கு வந்து, ஐம்பது வருடம் அங்கேயே இருந்து, 1968இல் இறந்து, அதே மண்ணில் பெயரில்லாமல் புதைக்கப்பட்டார். வில்லர்ட் செமட்ரி மெமோரியல் புராஜெக்ட் என்ற உள்ளூர்க் குழு அவருக்கு ஒரு நினைவுக்கல் வைக்கவேண்டும் என்று பல வருடம் கேட்டது. மனநலத்துறை, தனிநபர் அந்தரங்கம் என்று சொல்லிப் பெயர் தர மறுத்துக்கொண்டே இருந்தது. 2014இல் நியூயார்க் டைம்ஸில் இது பெரிய கட்டுரையாக வந்தது. உறவினர் ஒருவர் கிடைத்துச் சம்மதித்த பிறகு 2015இல் கல் வைக்கப்பட்டது. ஒருவருக்குத்தான்.

இதில் என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. உயிரோடு இருப்பவரின் நோய் விவரத்தை மறைப்பது அவரைக் காப்பாற்றுவதற்கு. நூறு வருடத்துக்கு முன் இறந்தவரின் பெயரைக்கூட மறைத்தால், அந்தக் குடும்பங்கள் வெட்கப்பட்டது சரிதான் என்று அரசே முத்திரை குத்துவது போல ஆகிறது. ஒரேகான் மாநிலத்தில் மருத்துவமனையில் யாரும் வாங்க வராத சுமார் 3,500 பேரின் அஸ்திக் குடுவைகள் இருந்தன. அங்கே சட்டத்தை மாற்றிப் பெயர்ப் பட்டியலையே வெளியிட்டார்கள், பல குடும்பங்கள் வந்து வாங்கிப் போயின. நாங்கள் தேடிய காலத்தில் நியூயார்க்கில் அது நடக்கவில்லை.

பூட்டியிருக்கும் கோப்பு

இத்தனையும் முடிந்த பிறகு கோப்புக்கு வாருங்கள். வில்லர்டின் நோயாளிப் பதிவேடுகளில் பெரும்பகுதி ஆல்பனியில் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. என்னென்ன தொகுதிகள் இருக்கின்றன என்ற பட்டியல் எல்லோருக்கும் திறந்தே இருக்கும், அதைப் பாருங்கள். சேர்க்கைப் பதிவேடு, நோய்க்குறிப்பு, அடக்கப் பதிவு என்று தனித்தனித் தொகுதியாக, ஆண்டு போட்டு இருக்கும். உள்ளே இருப்பதைப் பார்ப்பதை மாநில மனநலச் சட்டத்தின் 33.13 பிரிவு கட்டுப்படுத்துகிறது, ஆள் இறந்த பிறகும் அது நீடிக்கிறது. மருத்துவ விவரங்களின் ரகசியத்தைக் காக்கும் மத்திய அரசின் ஹிப்பா சட்டம் இறந்து ஐம்பது வருடத்தில் விலகிக்கொள்ளும், நாங்கள் விசாரித்தபோது நியூயார்க் சட்டம் அப்படி விலகவில்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வாரிசு என்று சொல்வது மட்டும் போதாது என்பது எங்களுக்குப் பட்டுத் தெரிந்தது.

ஆகவே கோப்பு முழுவதையும் கேட்பதை விட்டு, எந்தத் தொகுதியில், எந்த ஆண்டில், எந்த ஒரு விவரம் வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டு விண்ணப்பியுங்கள். இறப்புச் சான்றிதழ் நகல், உறவைக் காட்டும் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், கணக்கெடுப்புத் தாள்கள் எல்லாவற்றையும் கூடவே வையுங்கள். பதிலில் இல்லை என்று வந்தால், எந்தப் பிரிவின்கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

வளாகத்துக்குப் போகவேண்டும் என்று ஆசை வரும், எங்களுக்கும் வந்தது. பூட்டிய கட்டடங்களுக்குள் திருட்டுத்தனமாக ஏறிக் குதித்துப் பேய் இருக்கிறது என்று வீடியோ போடுகிறவர்கள் வழியில் போகாதீர்கள். அங்கே இருந்தவர்களை உயிரோடு இருந்தபோது ஊர் வேடிக்கை பார்த்தது போதும். 1980களிலேயே பல பழைய கட்டடங்களை இடித்துவிட்டார்கள், உடைந்த கண்ணாடியையும் உரிந்த சுண்ணாம்பையும் பார்த்து ஓர் ஆளைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. நாங்கள் ஏரிக்கரையில் நின்றோம், படகுத்துறை இருந்த பக்கத்தைப் பார்த்தோம், கல்லறைப் புல்வெளிக்கு வெளியே கொஞ்ச நேரம் இருந்தோம், அவ்வளவுதான்.

கண்டுபிடித்ததை எழுதி வைக்கும்போது, அந்தக் காலத்து நோய்ப்பெயரை ஆளின் அடையாளமாக எழுதிவிடாதீர்கள். தையல்காரி, 1909 அல்லது 1910இல் வில்லர்டுக்குப் போனார், இருபத்தேழு வருடம் இருந்தார், 1937இல் நிமோனியாவில் இறந்தார், மருத்துவமனைக் கல்லறையில் இருக்கிறார். இவ்வளவுதான் எதிர்வீட்டு அம்மா எழுதினார். பைபிளில் காலியாக இருந்த இடத்தில் தேதியை மட்டும் மை பேனாவால் எழுதினார், கை கொஞ்சம் நடுங்கியது. கல்லறைத் தகட்டின் எண் இன்னும் எங்களுக்குத் தெரியாது. அடக்கப் பதிவேட்டில் அந்த ஒரு வரியை மட்டும் கேட்டு, இந்த முறை பதினொரு காகிதங்களை இணைத்து, விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.